ஒடித்தால் மட்டும் கேட்கும் உரசல்: தூக்கிய வி-கிராஸும் 17 இஞ்ச் வீலும்

"ரெண்டு இஞ்ச் லிஃப்ட் போட்டாச்சு, இனி எந்த டயரும் உள்ளே போயிடும்ல?" சஸ்பென்ஷனை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்ட இசுசு வி-கிராஸ் பிக்-அப் வைத்திருப்பவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி. போகும். ஸ்டியரிங் நேராக இருக்கும்வரை போகும். முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள், முன் கதவுக்குக் கீழே எங்கோ 'சர்ர்ர்' என்று கேட்கும். 40,000 கிலோமீட்டர் ஓடினாலும் காதுக்குப் பழகாத சத்தம் அது.

இங்கே பேசுவது என் வண்டியில் உள்ள 17×9 அலாய் (17 இஞ்ச் விட்டம், 9 இஞ்ச் அகலம்), ஆஃப்செட் 0 (சக்கரம் மாட்டும் ஹப்பின் முகம் வீலின் நடுக்கோட்டிலேயே இருக்கும்; எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளும்), அதில் 265/70 ஆர்17 ஆல்-டெரெய்ன் டயர் (265 மி.மீ. அகலம், அதில் 70 சதவீதம் பக்கச் சுவர்). கம்பெனியோடு வந்த 255/60 ஆர்18 டயரின் விட்டம் 763 மி.மீ., இதற்கு 803. வித்தியாசம் 40, அதில் பாதி, 20 மி.மீ., உயரம். பின் ஆக்சிலில் இரு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் உருண்டைக்குக் கீழே கூடும் இடைவெளி இந்த 20 மட்டும்தான். லிஃப்ட் கிட்டுக்கு எத்தனை ஆயிரம் கொட்டினாலும் அந்த உருண்டை ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. கிட் தூக்குவது சேஸிஸை, ஆக்சிலை அல்ல.

உரசலுக்கும் லிஃப்ட் மருந்தாகாது. டயர் இடிப்பது வீல் ஆர்ச்சின் உச்சியில் இல்லை, பின்பக்கக் கீழ் மூலையில்: மட்ஃபிளாப், பிளாஸ்டிக் லைனர், அதற்குப் பின்னால் கேபினைச் சேஸிஸோடு பிணைக்கும் மவுண்ட். ஒடிக்கும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல்வதில்லை. மேலும் கீழும் உள்ள பால் ஜாயின்ட் வழியே போகும் அச்சைச் சுற்றி வீசித் திரும்புகிறது. அந்த அச்சிலிருந்து டயர் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு அகலமாக வீசும். தள்ளி நிறுத்துவது ஆஃப்செட்.

கணக்கு எளிது. கம்பெனி வீலை ஏழரை இஞ்ச் அகலம், ஆஃப்செட் +33 என்று வைத்தால், ஹப் முகத்திலிருந்து வெளி விளிம்பு 62 மி.மீ. தள்ளி இருக்கும். 17×8, +20 வீலில் அது 82. இந்த 17×9, 0 வீலில் 114. சக்கரத்துக்கு 52 மி.மீ. வெளியே! கடைக்காரர் -12-ஐ எடுத்துக் காட்டி "லுக் செமையா இருக்கும் சார்" என்பார். இன்னும் 12 கூடும். லுக் இருக்கும்தான், சேறு கதவுக் கைப்பிடி வரை தெறிக்கும்போதும் செமையாகத்தான் இருக்கும். வெளியே தள்ளிய வீல், பேரிங்கின் சுமையைக் கூட்டும். ஒரு பக்கம் பள்ளத்தில் இறங்க பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும்.

உரசலைக் குறைக்க வழி உண்டு, ஒழிக்க வழி குறைவு. முதலில் முன் மட்ஃபிளாப்பைக் கழற்றுங்கள். அடுத்து லைனரை ஹீட் கன்னால் இளக்கிப் பின்னால் அழுத்தி, ஆறும்வரை பிடித்திருந்து, கிளிப் போட வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம், பலரும் விடுவதும் அதுவே: அலைன்மென்ட்டில் காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். லிஃப்ட் போட்டாலே காஸ்டர் குறையும், வண்டி நேர்ரோட்டில் அலையும். காஸ்டரைத் திரும்பக் கூட்டினால் அலைச்சல் நிற்கும், சக்கரமும் சில மில்லிமீட்டர் முன்னால் நகர்ந்து மூலையை விட்டு விலகும். டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம்) மட்டும் பார்த்து ரசீது நீட்டும் கடையில் இது நடக்காது. காஸ்டர், கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்), டோ மூன்றும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். கேபின் மவுண்டை அறுத்து வெல்டிங் வைக்கலாம் என்பார்கள். வேண்டாம். இவ்வளவுக்குப் பிறகும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசியில், வளைவின் வெளிப்பக்கச் சக்கரம் அமுங்கும்போது, எங்காவது ஒரு 'சர்ர்' மிஞ்சும்.

வீலில் சுருக்கமாகப் பார்க்க வேண்டியவை: ஆறு போல்ட், பிசிடி (போல்ட்கள் நிற்கும் வட்டத்தின் விட்டம்) 139.7 மி.மீ., ஹப் துளை 100.1. டொயோட்டா ஹைலக்ஸுக்கும் அதே 139.7தான், ஆனால் துளை 106.1. பெரிய துளையுள்ள வீலை அப்படியே மாட்டினால் 90-110 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கலாம். இடைவெளியை நிரப்பும் அலுமினிய ஹப் ரிங் போடாமல் நாலு முறை பேலன்சிங் செய்தும் பயனில்லை. வெளி அலாய்களில் பெரும்பாலும் கூம்பு நட்; வாஷர் வைத்த தட்டை நட்டை அதில் முடுக்கினால் தளரும். டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு முடுக்கி, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி பாருங்கள். வீலின் பின்புறம் பொறித்த சுமை எண்ணை இரண்டால் பெருக்கினால், பொருள் ஏற்றியபோது பின்பக்க ஆக்சில் மேல் விழும் எடையை அது தாண்ட வேண்டும்.

இவ்வளவு திட்டியாயிற்று. ஆனால் அந்த டயர் தரும் சுகம்! 18 இஞ்ச்சில் ரப்பர் சுவர் 153 மி.மீ., இங்கே 185. பாரம் இல்லாத பிக்-அப்பின் லீஃப் ஸ்பிரிங் முதுகில் குத்துவது தெரிந்ததுதானே? அந்தக் குத்தில் பாதியை இந்த 32 மி.மீ. விழுங்கிவிடுகிறது. ஜல்லி கொட்டி மறந்துபோன ஊராட்சிச் சாலையில் 30 பி.எஸ்.ஐ. காற்றோடு 50-ல் போகலாம், டம்ளர் தண்ணீர் சிந்தாது. கொஞ்சம் மிகைதான், அதிகமில்லை. மணலுக்கு 18 வரை இறக்கலாம், தார் ரோடு ஏறுமுன் ஏற்றிவிட வேண்டும்.

மைலேஜ் விழுந்தது என்று புலம்புவோர் ஒன்றை மறக்கிறார்கள். சுற்றளவு 5 சதவீதம் கூடியதால் ஓடோமீட்டர் குறைத்துக் காட்டுகிறது. மீட்டர் கணக்கில் லிட்டருக்கு 11 என்றால், நிஜத்தில் பதினொன்றரைக்கு மேல். ஸ்பீடோமீட்டரும் அப்படியே, 100 காட்டும்போது முன்பைவிட 5 கூடுதலாக ஓடுகிறது.

ஸ்டெப்னிதான் வம்பு. நாலு மட்டும் வாங்கினால் ஐந்தாவது பழைய 763-ஆகவே கிடக்கும். பஞ்சரானால் அதை முன்பக்கம் போட்டு, 2எச்-இல் (பின் சக்கரங்களுக்கு மட்டும் விசை) மட்டும் ஓட்ட வேண்டும். பின்னால் போட்டால் டிஃபரன்ஷியல் ஓயாமல் சுழலும். நடு டிஃபரன்ஷியல் இல்லாத இந்த வண்டியில் 4எச் (நாலு சக்கரத்துக்கும் விசை) போட்டால், விசையை முன்னும் பின்னும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். பின் டயர் பஞ்சரானாலும், முன் வீல் ஒன்றைப் பின்னால் மாற்றி, சிறியதை முன்னால் வைக்கும் இரட்டை வேலைதான்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் தயாரிப்பாளர் கொடுத்த அளவிலிருந்து மாறுவதை ஏற்பதில்லை. விபத்துக்குப் பின் காப்பீட்டு சர்வேயர் டேப்பை எடுத்து அளந்தால் பேச ஒன்றும் இருக்காது.

நியாயமாகச் சொன்னால்: 17×8, ஆஃப்செட் 20-க்கும் 33-க்கும் இடையில், இதே 265/70, ஐந்து எண்ணிக்கை. உரசல் பெரும்பாலும் அடங்கிவிடும், சுகம் அப்படியே இருக்கும். ஆனால் இன்று காலை பார்க்கிங்கில் மறுபடி அந்தச் சத்தம். பழைய 18 இஞ்ச் அலாயைத் துடைத்து 265/60 போட்டால் 6 மி.மீ. உயரம்தான் கூடும், முதுகு குத்தும், காது நிம்மதியாக இருக்கும். அப்படியே செய்துவிடலாம். 17×9 வீல், ஆஃப்செட் 0, டயரோடு விலைக்கு உண்டு. நாலுதான், ஐந்தாவது கேட்காதீர்கள்.