மஹரகமவில் ஒரு தங்குமிடம்: வைத்தியத்துக்குப் பக்கத்தில் பிரார்த்தனைக்கும் ஓர் அறை

மஹரகம தேசிய புற்றுநோய் வைத்தியசாலைக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில், பிள்ளைகளின் சிகிச்சைக்காக வெளியூர்களிலிருந்து வரும் குடும்பங்களுக்கு ஒரு வீட்டின் அறைகள் வாடகைக்கு விடப்படுகின்றன. அதை நடத்தும் அம்மையார் தம் பெயரும் விலாசமும் வெளியே வருவதை விரும்பவில்லை. சிறுவர் வார்டில் நிற்கும் தாய்மாரைக் கேட்டால் வழி சொல்வார்கள். என் தங்கையின் மகளுக்கு லிம்போபிளாஸ்டிக் லுகேமியா எனப்படும் இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பின்னர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் குடும்பத்தினர் மாறிமாறித் தங்கியது இங்கேதான்.

அறைகள் சிறியவை, ஆனால் சுத்தமானவை. கொதித்தாறிய நீர் எந்நேரமும் கிடைக்கும். மாடிப்படி செங்குத்தானது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். வின்கிறிஸ்டீன் என்ற புற்றுநோய் மருந்து நரம்புகளைப் பாதித்துக் கால்களைத் தளரச் செய்வதால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டே ஏற வேண்டியிருந்தது.

இவ்வீட்டைப் பற்றி எழுதத் தூண்டியது அங்குள்ள பிரார்த்தனை அறை. முருகன் படமும் அந்தோனியார் சுரூபமும் புத்தர் சிலையும் ஒரே தட்டில் இருக்கின்றன. எதிர்ப்பக்கம் தொழுகை விரிப்புக்காக வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டப்பட்டுள்ள விதிகள் கடுமையானவை. பூ கொண்டுவரக் கூடாது, ஊதுபத்தியும் சாம்பிராணியும் கொளுத்தக் கூடாது, கோயில் தீர்த்தமும் பஞ்சாமிர்தமும் பெரியவர்களுக்கு மட்டுமே, திருநீற்றை நெற்றியில் பூசலாம், பிள்ளையின் வாயில் போடக் கூடாது. மருந்தினால் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் பிள்ளைக்குப் பூவிலும் ஈரத்திலும் இருக்கும் பூஞ்சணமும் கிருமியும் ஆபத்தாகலாம் என்பதே காரணம். நேர்ந்து கட்டும் நூலைக்கூடப் பிள்ளையின் கையில் கட்டாமல் தாயின் கையில் கட்டச் சொல்கிறார்கள், ஏனெனில் பிள்ளையின் மணிக்கட்டு ஊசிக்கு வேண்டும். சுவாமிக்கே சட்டம் போடுகிறார்களே என்று அம்மம்மா முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சில நாட்களில், புதிதாக வந்தவர்களுக்கு அந்த விதிகளை வாசித்துக் காட்டுபவராக அவரே ஆகிவிட்டார்.

விதியைவிட முக்கியமானது அதை நடத்தும் விதம். வெள்ளை அணுக்கள் குறைந்த நிலையில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸை எட்டினால் உடனே வார்டுக்குக் கொண்டுபோக வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அப்படியொரு நள்ளிரவில் என் தங்கை விளக்கின் முன்னால் அழுதபடி உட்கார்ந்திருக்க, அம்மையார் தம் மகனை எழுப்பி ஆட்டோவை எடுக்கச் சொல்லிவிட்டு, "எழும்புங்க மகள், ஆட்டோவுல போய்க்கிட்டே கும்பிடுங்க" என்றார். அந்த அளவு தெளிவு எங்களில் ஒருவருக்கும் அப்போது இருக்கவில்லை.

முற்பிறவி வினை என்று பேசுபவர்களையும், மருந்தை நிறுத்தினால் சுகம் தருவோம் என்று வார்டு வாசலில் தாய்மாரைத் தேடி வருபவர்களையும் இவர் படியேற விடுவதில்லை. என் பார்வையில் இது பெரிய சேவை. இந்நோய்க்கான சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது, அதில் பெரும்பகுதி வீட்டிலிருந்தபடி மாத்திரை விழுங்கும் காலம். நல்ல வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் வரை குணமடைகிறார்கள். அந்த வாய்ப்பை இடையில் கைவிடாமலிருக்கவே குடும்பத்துக்குத் தெய்வபலம் தேவைப்படுகிறது.

அம்மம்மா பேத்தியின் முடியைச் செல்வச்சந்நிதி முருகன் கோவிலில் இறக்குவதாக நேர்ந்திருந்தார். மருந்தில் முடி உதிர்ந்துவிட, நேர்த்தி பழுதாகிவிட்டதோ என்று உறக்கமில்லாமல் தவித்தார். கத்தோலிக்கரான அம்மையார் அதற்குத் தாமே விடை சொல்லப் போகாமல், தமக்குத் தெரிந்த ஒரு குருக்களிடம் அழைத்துப்போனார். சிகிச்சை முடிந்து வளரும் முடியைக் கொடுத்தால் போதும் என்று அவர் சொன்ன பிறகுதான் அம்மம்மா ஒழுங்காகச் சாப்பிட்டார். செவ்வாய்க்கிழமைகளில் இருவரும் 138 ஆம் இலக்கப் பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலையும் அங்கிருந்து பொன்னம்பலவாணேசர் சிவன் கோவிலையும் கும்பிட்டு வருவார்கள்.

குறைகளும் உண்டு. சமையலறை பொதுவானது, மச்சம் சமைக்கும் சட்டிகளே இருக்கின்றன. கந்தசஷ்டி விரதத்துக்கு அம்மம்மா தனியாகப் பாத்திரம் வாங்க வேண்டியிருந்தது. சுவர்கள் மெல்லியவை என்பதால், பக்கத்து அறையின் அதிகாலைப் பிரார்த்தனை உறங்கும் பிள்ளையை எழுப்பிவிடும். செவ்வாய்க்கிழமை மதியம் வரை திறப்புக் கொடுக்க ஆளிருக்காது.

வாடகை நாட்கணக்கில்தான், இல்லாதவர்களை வற்புறுத்துவதில்லை. கிளினிக் திகதி கிடைத்த உடனேயே பேசி வையுங்கள். கீழ்த்தளத்தில் ஓர் அறைதான் இருக்கிறது. நடக்க முடியாத பிள்ளையோடு வருபவர்கள் அதையே கேளுங்கள்.