பிள்ளைகளுக்கு ஜாப்: கண்ணாடியா, மூட்டையா, பேடா, ஜோடியா?

குத்துச்சண்டையில் முன்னங்கால் பக்கத்துக் கையால் (முன்கையால்) நேராக விடும் குத்துதான் ஜாப். அதைச் சொல்லித்தர நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. கண்ணாடி முன் காற்றில் குத்தும் ஷேடோ, தொங்கும் குத்து மூட்டை, மாஸ்டர் கையில் மாட்டிக் குத்தை வாங்கும் பேட், இன்னொரு பிள்ளையோடு ஜோடிப் பயிற்சி. நல்ல பயிற்சிக் கூடங்களில் நான்குமே நடக்கும். எதில் தொடங்குவது, எதற்கு அதிக நேரம் தருவது என்பதில்தான் மாஸ்டர்களுக்குள் கருத்து வேறுபாடு. பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் கண்ணாடி, உடனே ஜோடி, மூட்டை கடைசி.

சரி, நல்ல ஜாப் என்றால் என்ன? இடது கால் முன்னால் வைத்து நிற்கும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். முஷ்டி தாடைக்குப் பக்கத்திலிருந்து நேராகக் கிளம்ப வேண்டும். முழங்கை கோழி இறக்கைபோல வெளியே விரியக் கூடாது. கை நீண்டு முடியும் நேரத்தில்தான் முஷ்டி திரும்பி உள்ளங்கை தரையைப் பார்க்கும். அந்த நொடியில்தான் இறுக்கமும். இடது தோள் உயர்ந்து தாடையை மறைக்கும். வலது கை கன்னத்தை விட்டு அசையாது. போன பாதையிலேயே, போன வேகத்திலேயே கை திரும்பி வரும்.

பிள்ளைகள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான். பிள்ளைகள் மட்டுமல்ல. 1936இல் நியூயார்க்கில், அதுவரை தொழில்முறைச் சண்டையில் தோற்றே இராத அமெரிக்க வீரர் ஜோ லூயிஸை ஜெர்மன் வீரர் மாக்ஸ் ஷ்மெலிங் பன்னிரண்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். லூயிஸின் பழைய சண்டைப் படங்களைப் பார்த்து, ஜாப் அடித்ததும் அவருடைய இடது கை தாழ்ந்துபோவதை ஷ்மெலிங் முன்பே கண்டுபிடித்திருந்தார். அந்த இடைவெளியில்தான் ஷ்மெலிங்கின் வலது கை திரும்பத் திரும்பப் புகுந்தது. லூயிஸின் ஜாப் அந்தக் காலத்திலேயே பெயர்பெற்றது. அப்படியும் திரும்பும் பாதை அவரைக் காட்டிக்கொடுத்தது. அதனால் எந்த வழியை எடைபோட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கை திரும்பி வருவதை இது பிள்ளைக்குக் காட்டுகிறதா, மறைக்கிறதா?

மூட்டை மறைக்கிறது. பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். ‘டப்’ என்ற சத்தம் கேட்டால் ஏதோ சாதித்த நினைப்பு வந்துவிடும். பெற்றோருக்கும் வீடியோ எடுக்க அதுதான் வசதி. ஆனால் மூட்டை திருப்பி அடிக்காது. கை இடுப்புக்கு இறங்கினாலும், வலது கை கன்னத்தை விட்டு விலகினாலும் ஒரு தண்டனையும் இல்லை. இன்னொரு கோளாறு, கூடங்களில் தொங்குவது பெரும்பாலும் பெரியவர்களுக்கான கனமான மூட்டை. முப்பத்தைந்து கிலோ எடையுள்ள பிள்ளை அதை அசைக்க வேண்டும் என்று நெருங்கி நின்று, உடம்பையே சாய்த்துத் தள்ளும். அது ஜாப் இல்லை, வெறும் தள்ளல். பின்னங்கால் குதிகால் எவ்வளவு எழும்பியிருக்கிறது, தலை முன்முட்டியைத் தாண்டிப் போய்விட்டதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள், தெரிந்துவிடும். மணிக்கட்டு மடங்கும் ஆபத்து வேறு. வளரும் எலும்பு, கிளவுஸுக்குள் கையில் சுற்றும் பேண்டேஜ் சரியாகக் கட்டத் தெரியாத வயது. மூட்டை வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மணிக்கட்டை நேராக வைத்து, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் மூட்டுகளிலும் அடி விழப் பழகுவதற்கு அது தேவை. அதற்கு இலேசான மூட்டையும், முதலில் சில மாதக் கண்ணாடிப் பயிற்சியும் வேண்டும்.

கண்ணாடி இதற்கு நேர்மாறு. சத்தமும் இல்லை, சுவாரசியமும் இல்லை. ஆனால் பொய் சொல்லாது. வலது கை இரண்டு விரற்கடை இறங்கினால்கூடப் பிள்ளையே பார்த்துவிடும். மாஸ்டர் கத்த வேண்டியதில்லை. மெதுவாக, எண்ணி எண்ணிச் செய்ய வைக்கலாம்: ஒன்றில் கை போகிறது, இரண்டில் நிற்கிறது, மூன்றில் திரும்புகிறது. நிற்கும்போது தோள் தாடையைத் தொடுகிறதா என்று அவர்களையே சரிபார்க்கச் சொல்லலாம். முன்னங்கால் ஒரு சாண் நகர்ந்தால் பின்னங்காலும் அதே ஒரு சாண் வருகிறதா என்று பார்க்கத் தரையில் சாக்பீஸ் கோடு போதும். ஒரே எச்சரிக்கை, காற்றில் முழு பலத்தோடு குத்த விடாதீர்கள். எதிலும் படாமல் கை முழுக்க நீண்டு வெட்டினால் முழங்கை வலிக்க ஆரம்பிக்கும். முக்கால் பலம் போதும். கண்ணாடி தராத ஒன்று தூரக் கணக்கு. தன் பிம்பத்தோடு மட்டும் பழகிய பிள்ளைக்கு எதிராளி எட்டும் தூரத்தில் இருக்கிறானா என்று தெரியாது.

பேட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிடிப்பவர் நல்லவர் என்றால் அது அற்புதம், இல்லையென்றால் கெடுதல். பேடை நடுக்கோட்டில், பிள்ளையின் தாடை உயரத்தில் பிடிக்க வேண்டும். பலர் இரண்டு கையையும் அகல விரித்துப் பிடிக்கிறார்கள். பிள்ளையும் எதிராளியின் காதுக்குப் பக்கத்தில் காற்றைக் குத்தப் பழகுகிறது. சத்தத்துக்காகப் பேடைக் குத்தை நோக்கித் தட்டுவது இன்னொரு கெட்ட பழக்கம். ஜாப் வந்ததும் மற்ற பேடால் பிள்ளையின் வலது கன்னப் பக்கம் லேசாகத் தட்டி, கார்டு (கன்னத்தைக் காக்கும் கை) இருக்கிறதா என்று சோதிப்பவர் தொழில் தெரிந்தவர். ஆனால் முப்பது பிள்ளைகளுக்கு ஒரு மாஸ்டர் இருக்கும் இடத்தில், ஆளுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது.

ஜோடிப் பயிற்சிக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அதனால்தான் அதை இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறேன். இருவரும் கிளவுஸ் போட்டு எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவன் ஜாப் விடுகிறான். மற்றவன் வலது கையைத் தாடைக்கு முன்னால் திறந்து வைத்து உள்ளங்கையில் வாங்குகிறான். வாங்கிய உடனே அவன் ஒரு ஜாப் திருப்பி விடுகிறான். அவ்வளவுதான். முதலாமவனின் கை தாழ்ந்து திரும்பினால் முகம் திறந்து கிடக்கும், வலது கை அலைந்தால் அடுத்த ஜாபை வாங்க உள்ளங்கை அங்கே இருக்காது. அது அவனுக்கே அந்த நொடியில் புரிந்துவிடும். மாஸ்டர் நூறு முறை “கையை ஏத்து” என்று சொல்லியும் ஏறாத கை இங்கே தானாக ஏறுவதைப் பார்க்கலாம். தூரம், நேரம், தடுப்பு மூன்றும் ஒன்றாக வருகின்றன.

இதில் ஒரு கண்டிப்பு வேண்டும். இது தொடும் பயிற்சி, தலைக்கு அடி கிடையாது. அமெரிக்க, கனடா குழந்தை மருத்துவர் சங்கங்கள் 2011இல் சேர்ந்தே, மூளைக்கு வரும் பாதிப்பைக் காரணம் காட்டிப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை வேண்டாம் என்று அறிவித்தன. விளையாட்டை விடச் சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அவர்களின் கவலை நியாயமானது. பயிற்சியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தலையில் அடி வாங்கித்தான் ஜாப் கற்க வேண்டும் என்பதில்லை. இருவரில் ஒருவன் வேகம் ஏற்ற ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள், தோள் தொடும் ஆட்டத்துக்கு மாற்றுங்கள். எடையும் உயரமும் பார்த்து ஜோடி சேருங்கள்.

முகமது அலியின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இடுப்பிலிருந்து ஜாப் சுண்டும் பிள்ளைகள் எல்லாக் கூடத்திலும் உண்டு. 1980இல் சென்னைக்கே வந்து இன்னொரு அமெரிக்க வீரர் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்ட அலியை இங்கே யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் கையை இறக்கி வைத்து அவர் தப்பித்தது காலாலும் கண்ணாலும். அந்தப் பிள்ளையை ஐந்து நிமிடம் ஜோடியில் நிறுத்துங்கள். அறிவுரை தேவைப்படாது.

இடதுகைப் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த வரிசையில் ஒரு மாற்றம். வலது கால் முன்னால் வைத்து நிற்கும் அவர்களுக்குக் கண்ணாடியில் எல்லாம் அதேதான், பக்கம் மட்டும் மாறும். ஜோடியில் நிற்கும்போது எதிரில் வழக்கமான நிலையில் நிற்பவனின் முன்கையும் இவர்களின் முன்கையும் ஒரே கோட்டில் மோதிக்கொள்ளும். முன்னங்கால் எதிராளியின் முன்னங்காலுக்கு வெளிப்பக்கம் இருக்கும்படி முதலில் கால் வைக்கச் சொல்லிக்கொடுத்து, அதன் பிறகு ஜாபைத் தொடங்குங்கள். உள்ளங்கையில் வாங்குவதற்குப் பதிலாக, எதிராளியின் முன்கையைத் தன் முன்கையால் லேசாகக் கீழே தட்டிவிட்டு ஜாப் விடுவதை அவர்கள் பழகட்டும்.