விடுதிக்கு நாலு சோன் ஃபயர் அலாரம்: எது போதும், எங்கே கோட்டை விடுகிறார்கள்

மதுரையில் கே.கே. நகர், பசுமலை, நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் வீடாகக் கட்டி மாணவர் விடுதியாக மாற்றிய கட்டிடங்களுக்கு நாலு சோன் கன்வென்ஷனல் பேனல், அதாவது கட்டிடத்தை நாலு பகுதியாகப் பிரித்து எந்தப் பகுதியில் புகை என்று காட்டும் அலாரப் பெட்டி, பொருத்தமான சாமான். மூன்று மாடி, இருபது இருபத்தைந்து அறை வரை தாராளமாக வாங்கலாம். அதற்கு மேல் போனால் அறை எண்ணையே திரையில் காட்டும் அட்ரஸபிள் பேனலுக்குப் போய்விடுவது நல்லது. 2024 செப்டம்பர் 12 அதிகாலையில் கட்ராபாளையத்து மகளிர் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்து உயிர்கள் போனதை மதுரை மறந்திருக்காது. விடியற்காலைத் தூக்கத்தில் புகையை மூக்கு கண்டுபிடிக்காது. அதற்குத்தான் இந்தப் பெட்டி.

செட்டில் பேனல், அதற்குள் 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டு, புகை டிடெக்டர்கள், மாடிக்கொரு கால் பாயிண்ட் (கையால் அமுக்கி அலாரம் அடிக்கும் பெட்டி), ஹூட்டர் (அலறும் மணி) இருக்கும். கேட்டு வாங்க வேண்டியது இன்னொன்று: ஒவ்வொரு அறைக் கதவுக்கு மேலும் மாட்டும் சின்னச் சிவப்பு விளக்கு. ரெஸ்பான்ஸ் இண்டிகேட்டர் என்பார்கள். இந்தப் பேனல் "இரண்டாம் மாடி" என்று மட்டுமே சொல்லும், எந்த அறை என்று சொல்லாது. மாணவர்கள் பூட்டிவிட்டு ஊருக்குப் போன அறைக்குள் சார்ஜர் கருகினால், வெளியே அந்த விளக்கு இல்லாமல் எட்டுக் கதவையும் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். காசு மிச்சம் என்று இதை விடவே கூடாது.

மணி அடித்ததும் நடக்கிற முதல் தவறு, ஓடிவந்து ரீசெட்டை அமுக்குவது. ரீசெட் செய்தால் பேனல் டிடெக்டர்களுக்குப் போகும் மின்சாரத்தை ஒரு கணம் துண்டிக்கும். எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்குகள் அத்தனையும் அணைந்துவிடும். எந்த மாடி, எந்த அறை என்ற தடயமே போய்விடும். எதையும் தொடாமல் முதலில் எந்த சோன் எரிகிறது என்று பார்க்க வேண்டும். வார்டன் அக்கா பேனல் பக்கத்தில் போனோடு நின்று கேட்டையும் மாடிப்படி கிரில்லையும் திறந்து வைக்கட்டும். வாட்ச்மேன் அண்ணன் டார்ச்சோடு அந்த மாடிக்குப் போகட்டும். விளக்கு எரியும் கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுட்டால் திறக்கவே கூடாது. புகை கண்ணில் பட்டாலும் சரி, பேனலில் இரண்டாவது சோன் எரிந்தாலும் சரி, அதற்கு மேல் சோதனை வேண்டாம். பக்கத்து கால் பாயிண்ட்டை அமுக்கி எல்லோரையும் படி வழியாக வெளியே அனுப்பிவிட்டு, 101 அல்லது 112. விடுதிப் பெயரைச் சொல்வதைவிடத் தெருப் பெயரும் பக்கத்துக் கோயிலும் சொன்னால் வண்டி சீக்கிரம் வரும். சந்து குறுகலாக இருந்தால் முனையில் ஒருவர் நிற்கட்டும்.

ஒன்றுமில்லை என்று தெரிந்தால் மணியை நிறுத்தும் சைலன்ஸ் பட்டன், பிறகு ஜன்னலைத் திறந்து காற்றாட விட்டு, கடைசியாக ரீசெட். புகை போகாமல் ரீசெட் செய்தால் சில நொடிகளில் மறுபடி அலறும். அதைக் "கெட்டுப்போன டிடெக்டர்" என்று கழற்றிவிடுகிறார்கள்.

வீண் அலாரத்துக்குக் காரணம் பெரும்பாலும் சாமானில் இல்லை, மாட்டிய இடத்தில் இருக்கிறது. சமையல்கட்டில் புகை டிடெக்டர் மாட்டினால் தோசைக்கல் காயும்போதெல்லாம் அடிக்கும். அங்கே 57 டிகிரியில் வேலை செய்யும் வெப்ப டிடெக்டர்தான் சரி. குளியலறைக் கதவுக்கு நேர் எதிரே மாட்டினால் வெந்நீர் ஆவி போதும். கொசுவர்த்தி, சாம்பிராணி, முகத்துக்கு நேரே அடிக்கும் பாடி ஸ்ப்ரே, மழைக்குப் பின் டிடெக்டருக்குள் புகும் பூச்சி எல்லாமே காரணம்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மென்மையான பிரஷ்ஷால் தட்டினால் போதும், ஈரத்துணி ஆகாது. வெள்ளையடிக்கும்போது மாட்டிய பிளாஸ்டிக் மூடி வருஷக்கணக்கில் அப்படியே இருக்கிற விடுதிகளும் உண்டு, அண்ணாந்து பாருங்கள். இதையெல்லாம் சரிசெய்யாமல் தொல்லை தாங்காமல் அந்த சோனையே பேனலில் ஐசொலேட் செய்து, அதாவது வேலை செய்யாமல் நிறுத்தி, வைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. பேனலில் மஞ்சள் விளக்கு எரிந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை, அந்த மாடி குருடாகக் கிடக்கும்.

வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. ஒவ்வொரு சோனிலும் கடைசி டிடெக்டரைத் திருகிக் கழற்றுங்கள். பேனலில் அந்த சோனுக்கு ஃபால்ட் (பழுது) விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால், வயர் முழுசாக இருக்கிறதா என்று பேனல் தெரிந்துகொள்ள லைன் முடிவில் போட வேண்டிய ரெசிஸ்டரைப் பேனல் டெர்மினலிலேயே போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் நடுவில் வயர் அறுந்தாலும் பேனல் பச்சையாகவே சிரிக்கும்.

அடுத்தது பூட்டு. பயோமெட்ரிக் காந்தப் பூட்டு உள்ள கதவென்றால் அதன் மின்சாரம் பேனலின் ஃபயர் ரிலே (அலாரம் வந்ததும் தானாக மாறும் சுவிட்ச்) வழியாகப் போக வேண்டும். மணி அடித்ததும் பூட்டு தானாக விட்டுவிடும். அந்த ரிலே டெர்மினல்கள் பேனலில் சும்மாதான் கிடக்கும், வயர் இழுக்கச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. இரவில் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கும் கிரில் இருக்கிற விடுதியில் எந்த அலாரம் மாட்டியும் பயனில்லை.

பேனலுக்குத் தனி எம்.சி.பி. வேண்டும். பிளக் பாயிண்ட்டில் சொருகியிருந்தால் யாராவது போன் சார்ஜ் போடப் பிடுங்கிவிடுவார்கள், பேட்டரி சத்தமில்லாமல் இறங்கிவிடும். நம் ஊர் வெயிலில் அடைத்த படிக்கட்டு மூலையில் பேட்டரி சீக்கிரம் சாகும். மாட்டிய தேதியை மார்க்கரால் அதன் மேலேயே எழுதி மூன்று வருஷத்தில் மாற்றிவிடுங்கள். மாதம் ஒருநாள் மெயினை அணைத்து ஒரு மணி நேரம் விட்டு, ஹூட்டரை ஐந்து நிமிஷம் அடிக்கவிட்டால் பேட்டரியின் உயிர் தெரிந்துவிடும்.

ஹூட்டர் விஷயத்தில் இந்த செட்டுக்குப் பாதி மதிப்பெண்தான். தூங்குகிறவரை எழுப்பத் தலைமாட்டில் 75 டெசிபலாவது கேட்க வேண்டும். மாடிக்கு ஒன்று என்று வராந்தாவில் மாட்டினால், கதவைச் சாத்தி ஃபேனை முழு வேகத்தில் விட்டுப் படுத்திருக்கும் கடைசி அறையில் அது பாதிகூடக் கேட்காது. மாடிக்கு இரண்டு, வராந்தாவின் இரு முனையிலும். மாட்டியதும் கடைசி அறைக் கட்டிலில் ஒருவரைப் படுக்கவைத்து, கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, மணியடித்துக் கேட்டுவிட்டு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.