ஐயோனிக் 5: 19 அங்குலமா, 20 அங்குலமா?

ஹூண்டாய் ஐயோனிக் 5 மின் எஸ்யூவிக்கு ஐரோப்பாவில் 235/55 ஆர்19, 255/45 ஆர்20 என இரு டயர் அளவுகள் உண்டு; கடைசி எண், டயர் பொருந்தும் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். டயரோடு சேர்த்து அளந்தால் இரண்டின் விட்டமும் ஏறத்தாழ 74 சென்டிமீட்டர்தான் என்பதால், பெரிய சக்கரம் வண்டியை உயர்த்துவதில்லை. மாறாக, டயரின் பக்கச்சுவர் 129 மில்லிமீட்டரிலிருந்து 115 ஆகக் குறைந்து, குழியின் அதிர்வைத் தாங்கும் காற்று மெத்தை மெலிகிறது. அகலமான டயரின் உருளல் எதிர்ப்பும் காற்றுத் தடையும் சேர்ந்து, முன்பு விற்கப்பட்ட, 77.4 கிலோவாட் மணி மின்கலமும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட வண்டி ஒரு முழு மின்னேற்றத்தில் ஓடும் அதிகாரபூர்வ தூரத்தை 481 கிலோமீட்டரிலிருந்து 454 ஆகக் குறைத்தன. இருபதின் தோற்றம் கம்பீரமானது, மறுப்பதற்கில்லை. ஆயினும் என் தேர்வு பத்தொன்பதே. மேடுபள்ளம் மிகுந்த இந்தியாவிலோ, 2023இல் அறிமுகமானபோது, விந்தையாக, 20 அங்குலம் மட்டுமே தரப்பட்டது.