கியூஈமு மைக்ரோவிஎம்: தேட வைக்காத இயந்திரம்

கோப்பு முறைமைக்கான லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) குறியீட்டைச் சோதிப்பது என் வேலை. ஒரு வரி திருத்து, பூட் செய், பார், அணை, மறுபடி திருத்து. நாள் முழுக்க இதுதான் என்பதால் பூட் ஆகிற நேரம் என் கையைக் கட்டிப்போடுகிற நேரம். கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாக ஓட்டும் கியூஈமுவின் வழக்கமான 'பிசி' இயந்திரத்தில் வருடக்கணக்கில் ஓட்டிவிட்டு 'மைக்ரோவிஎம்' வகைக்கு மாறினேன். இனி திரும்பிப் போகிற எண்ணம் இல்லை.

பழைய இயந்திரத்தில் நேரம் எங்கே போகிறது என்று பார்க்க, கெர்னல் கட்டளை வரியில் 'இனிட்கால் டீபக்' சேர்த்தேன். ஒவ்வொரு துவக்கச் செயலும் எத்தனை மைக்ரோநொடி எடுத்தது என்று வரிவரியாகக் கொட்டும். ஆனால் முதலில் கண்ணில் பட்டது ஃப்ளாப்பி. நான் கேட்காமலேயே ஒரு ஃப்ளாப்பி டிரைவ் அங்கே இருக்கிறது. கெர்னல் அதில் வட்டு உண்டா என்று படிக்கப் பார்த்து, காத்திருந்து, 'எஃப்டி0, செக்டர் 0' என்று பிழை எழுதிவிட்டுத்தான் நகர்ந்தது. அப்புறம் காலி சிடி டிரைவ், விசைப்பலகைக் கட்டுப்படுத்தி. சாதனங்களை இணைக்கும் பிசிஐ பஸ்ஸிலோ 32 இடங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டி 'யாராவது இருக்கிறீர்களா' என்று கேட்கிறது.

நிஜக் கணினியில் ஒரு போர்ட்டை, அதாவது சாதனத்தோடு பேசும் முகவரியை, படிப்பது சின்ன வேலை. மெய்நிகர் இயந்திரத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு தொடுதலுக்கும் சிபியு விருந்தினரை (உள்ளே ஓடும் இயந்திரத்தை) விட்டு வெளியேறி, லினக்ஸின் மெய்நிகராக்கப் பகுதியான கேவிஎம் வழியாக கியூஈமு வரை போய், பதிலோடு திரும்பி வர வேண்டும். சீரியல் கன்சோலில் ஓடுகிற செய்திக்கும் இதே கதிதான். அதனால் செய்திகளைக் குறைக்கச் சொல்லும் 'கொயட்' என்ற ஒரே சொல்லைக் கட்டளை வரியில் சேர்த்தாலே வித்தியாசம் தெரியும்.

2019 டிசம்பரில் வந்த 4.2 பதிப்பில் மைக்ரோவிஎம் சேர்ந்தது. அமேசானின் இலகுவான மெய்நிகர் இயந்திர மென்பொருளான ஃபயர்கிராக்கரைப் பார்த்து எழுந்த யோசனை. வட்டும் நெட்வொர்க்கும் விர்ட்ஐஓ-எம்எம்ஐஓ (மெய்நிகர் சாதனங்களை நினைவக முகவரியில் அணுகும் முறை) வழியாக வருகின்றன. எந்த முகவரி, எந்த இன்டரப்ட் (சாதனம் சிபியுவை அழைக்கும் சைகை) எண் என்பதை கியூஈமுவே கெர்னல் கட்டளை வரியில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. கெர்னல் நேராக அந்த முகவரிக்குப் போகிறது. பழைய டைமர், இன்டரப்ட் கட்டுப்படுத்தி, ஆர்டிசி (கடிகாரம்), சீரியல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அணைக்கலாம். பிந்தைய பதிப்புகளில், வன்பொருள் விவரங்களைக் கெர்னலுக்குச் சொல்லும் ஏசிபிஐயும் வந்துவிட்டது. நான் அதையும் அணைத்தே ஓட்டுகிறேன்.

முதல் நாள் சுலபமாகப் போகவில்லை. கையில் இருந்த ஆயத்த கெர்னலில் எம்எம்ஐஓ சாதனங்களைக் கட்டளை வரியிலிருந்து எடுக்கும் வசதி இல்லை. ரூட் வட்டு கிடைக்காமல் கெர்னல் பேனிக் ஆகி நின்றது. நானே கெர்னல் கட்டியதும் அது சரியாயிற்று. அடுத்து சீரியலை அணைத்துவிட்டு, கன்சோலை மட்டும் 'டிடிஒய்எஸ்0' (அணைத்த அதே சீரியல்) என்றே விட்டிருந்தேன். திரையில் ஒரு எழுத்து வரவில்லை. இயந்திரம் உள்ளே நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. விர்ட்ஐஓ கன்சோலுக்கு மாற்றிய பிறகே தெரிந்தது.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பூட் வேகமாகிவிட்டது, ஆனால் மூடுவதற்குச் சில நொடிகள் இழுத்தது. லினக்ஸ் மற்ற ரீபூட் வழிகளையெல்லாம் முயன்று தோற்ற பிறகே டிரிபிள் ஃபால்ட்டுக்கு (சிபியுவை வேண்டுமென்றே பிழையில் தள்ளி ரீபூட் செய்ய வைப்பது) வருவதுதான் காரணம். அதையே முதலில் முயலச் சொல்லிக் கட்டளை வரியில் 'ரீபூட்=டி' என்றும், மறுபடி துவங்காமல் மூடிக்கொள்ளும்படி கியூஈமுவுக்கு 'நோ-ரீபூட்' என்றும் கொடுத்தேன். உடனே மூடிக்கொண்டது. எனக்குப் பூட்டில் மிச்சமான அளவு நேரம் இதிலும் மிச்சம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சாதனத்தைச் செருகவோ கழற்றவோ முடியாது. நான் ஓட்டுகிற விதத்தில், ஏசிபிஐ இல்லாமல், வட்டிலிருந்து பூட் ஆகாது, கெர்னலை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். சோதனை வேலைக்கு இரண்டும் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. ஆயத்த வட்டுப் படிமத்தை அப்படியே ஓட்ட வேண்டியவர்கள் மட்டும் 'பிசி'யிலேயே இருக்கலாம். அங்கேயும் 'நோடிஃபால்ட்ஸ்' கொடுத்துவிடுங்கள். ஃப்ளாப்பியும் காலி சிடியும் போய்விடும்.