ஃப்ளாட் பெடலா, க்ளிப்லெஸ்ஸா: முதல்முறை மாறுகிறவர்களுக்கு

குரங்கு பெடல் அடித்து சைக்கிள் பழகிய எல்லோருக்கும் ஒரு பழக்கம் உடம்போடு ஊறிப் போயிருக்கும். வண்டி சாய்ந்தால் கால் தானாகத் தரைக்குப் போய்விடும், யோசிக்கவே வேண்டாம். பூட்டு இல்லாத சாதாரண ஃப்ளாட் பெடலிலிருந்து, ஷூவைப் பூட்டிக்கொள்கிற க்ளிப்லெஸ் பெடலுக்கு மாறுகிறவர் முதலில் மாற்ற வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். அதனால் "க்ளிப்லெஸ் போட்டால் ஸ்பீடு எவ்வளவு கூடும்?" என்று கேட்டு வருகிற புதியவர்களிடம் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் ஓட்டுகிற வழியில் எத்தனை தடவை நிறுத்த வேண்டியிருக்கிறது?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். காலைப் பெடலோடு பூட்டுகிற ஒன்றை ஏன் 'க்ளிப் இல்லாதது' என்கிறார்கள்? முன்பு பந்தய சைக்கிள்களில் பெடலின் முன்பக்கம் ஒரு கூண்டு இருக்கும், அதற்குள் கால் நுனியை நுழைத்து வாரை இழுத்துக் கட்டுவார்கள். அந்தக் கூண்டுதான் டோ க்ளிப். பனிச்சறுக்குப் பலகையில் காலணியைப் பிடித்துவைக்கும் பூட்டைத் தயாரித்துக்கொண்டிருந்த பிரெஞ்சு நிறுவனம் லுக், அதே உத்தியை 1984இல் பெடலுக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். கூண்டும் வாரும் போய்விட்டதால் க்ளிப்லெஸ் என்ற பெயர் நின்றுவிட்டது. ஷூவின் அடியில் க்ளீட் என்ற சின்னத் துண்டைத் திருகிவைப்பார்கள், மிதித்தால் பெடலின் ஸ்பிரிங் அதைக் கவ்விக்கொள்ளும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். அவ்வளவுதான் அதன் வேலை.

சரி, ஸ்பீடு விஷயம். "மேலே வரும்போதும் காலை இழுக்கலாம், அதனால் பவர் கூடும்" என்று கடையிலும் சொல்வார்கள், கூட ஓட்டுகிறவர்களும் சொல்வார்கள். சீராக ஓட்டும்போது இது உண்மையில்லை. 2007இல் தாமஸ் கோர்ஃப் என்ற ஆய்வாளரின் குழுவினர் எட்டு சைக்கிள் வீரர்களை ஒரே வேகத்தில், ஒரே பவரில், வெவ்வேறு விதமாக மிதிக்கவைத்து அளந்தார்கள். காலை மேலே இழுத்து மிதித்தபோது பெடலில் விசை அழகாகப் பரவியது, ஆனால் அதற்கு உடம்பு செலவழித்த சக்தி அதிகமானது. இழுக்கிற தசைகள் அந்த வேலைக்கு அவ்வளவு தோதானவை இல்லை. 2008இல் வந்த இன்னொரு ஆய்விலும், பெடல் வகையை மாற்றியதால் மட்டும் செயல்திறனில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை 40 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுகிற ஒருவர், பெடலை மாற்றினால் சராசரி வேகம் ஏறிவிடும் என்று நம்பிப் பணத்தைப் போட வேண்டாம். எழுந்து நின்று முழு வலுவோடு மிதிக்கிற சில நொடிகளுக்கு இழுவை உதவும், அது வேறு கணக்கு.

அப்படியானால் எதற்குத்தான் க்ளிப்லெஸ்? கால் ஒரே இடத்தில் இருப்பதற்கு. நிமிடத்துக்கு 90, 95 சுற்று மிதிக்கும்போது ஃப்ளாட் பெடலில் பாதம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகரும், அதைச் சரிசெய்வோம், திரும்ப நகரும். சென்னை ஈ.சி.ஆர். சாலையில் வரிசையாக வருகிற வேகத்தடைக் கோடுகள் மேல் 30 கி.மீ. வேகத்தில் போகும்போது கால் ஒருமுறையாவது பெடலை விட்டு எழும்பிக் குதிக்கும். அதை உணர்ந்தவருக்கு க்ளிப்லெஸ் என்ன தருகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. மழையிலும் அப்படித்தான், ஈரமான பிளாஸ்டிக் பெடலில் கால் வழுக்கினால் சீட்டுக்கு முன்னால் இருக்கிற சட்டத்தின் மேலேயே விழ நேரும்.

ஆனால் இந்த ஒப்பீட்டில் பெரும்பாலும் ஃப்ளாட் பெடலுக்கு அநியாயம் நடக்கிறது. வண்டியோடு வருகிற வழவழப்பான பிளாஸ்டிக் பெடலையும், ரன்னிங் ஷூவையும் வைத்துக்கொண்டு "ஃப்ளாட் சரியில்லை" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நல்ல ஃப்ளாட் பெடல் அகலமாக இருக்கும், மேலே சின்னச் சின்ன உலோக ஊசிகள் துருத்திக்கொண்டிருக்கும், அவை ஷூவின் ரப்பருக்குள் பதிந்து பிடிக்கும். நைலான் உடம்பில் ஊசி வைத்தவையே போதும், விலையும் குறைவு. ஷூ முக்கியம்: ரன்னிங் ஷூவின் அடி பஞ்சு மாதிரி அமுங்கும், பெடலின் விளிம்பு வரை மடங்கும், ஒரு மணி நேரத்தில் பாதம் எரியும். தட்டையான, கொஞ்சம் கெட்டியான ரப்பர் அடி உள்ள ஷூ போட்டு, குதிகாலை லேசாகக் கீழே தாழ்த்தி மிதித்துப் பாருங்கள், கால் அசையாது. மலைப்பாதைப் பந்தயத்தில் ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் 2017, 2018, 2019 என்று மூன்று வருடம் தொடர்ந்து எண்டுரோ வேர்ல்ட் சீரிஸ் பட்டம் வென்றது ஃப்ளாட் பெடலில்தான். ஃப்ளாட் என்பது பழகுகிறவர்களின் பெடல் என்ற நினைப்பு தவறு. ஊசி பட்டால் முன்கால் எலும்பு மேல் நன்றாகக் கிழிக்கும், அது ஒன்றுதான் அதில் நிஜமான குறை.

இப்போது நான் விழுந்த கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக மாறுகிற பலரும் இதே மாதிரிதான் விழுகிறார்கள். புதுப் பெடல் போட்ட இரண்டாவது நாள், ஞாயிறு காலை ஐந்தே முக்கால், திருவான்மியூர் சிக்னல். சிவப்பு விழுந்தது, வேகத்தைக் குறைத்தேன், இடது காலை ஒழுங்காக விடுவித்தேன். அதுவரை சரி. அந்தக் காலை ஊன்றப் போன இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். பாதத்துக்குத் தரை கிடைக்கவில்லை என்றதும் பதறி உடம்பை வலப்பக்கம் இழுத்துக்கொண்டேன். வலது கால் பூட்டியபடியே இருந்தது. அந்த அரை நொடியில் நான் செய்தது காலை மேலே இழுத்ததுதான், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மேலே இழுத்தால் இந்தப் பூட்டு விடாது, குதிகாலைத் திருப்பினால்தான் விடும். அது எனக்கு நன்றாகவே தெரியும், முந்தின நாள் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு செய்தும் பார்த்திருந்தேன், ஆனால் பதறும்போது கால் பழைய வழியில்தான் போனது. வண்டியோடு அப்படியே வலப்பக்கம் சாய்ந்தேன், இடுப்பும் முழங்கையும் தார் ரோட்டில் உரசின. பக்கத்தில் நின்ற ஆட்டோ நகராமல் இருந்தது. அது நகர்ந்திருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் எனக்கு வரும்.

கூட வந்த மூத்தவர் ஒருவர் தூக்கிவிட்டு, சிராய்ப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எடுத்த கால் சரிதான். ஆனா எந்தக் காலை எடுக்கிறியோ அந்தப் பக்கம் சாயணும். காலை எடுத்துட்டு சீட்லயே நிமிர்ந்து உக்காந்திருக்காத, முன்னாடி இறங்கிடு." இதற்குமேல் நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. இதோடு நான் சேர்த்துக்கொள்வது ஒன்று உண்டு. நம் ஊரில் ரோட்டின் இடப்பக்கம் ஓட்டுகிறோம், அதனால் எப்போதும் இடது காலையே எடுக்கப் பழகுங்கள். தப்பிச் சாய்ந்தாலும் ஓரத்தில் விழுவோம், வலப்பக்கம் விழுந்தால் வண்டிகள் வருகிற பக்கம். அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துப் பழகுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அங்கே வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், அவர்களுக்கு ரோட்டோரம் வலது கால் பக்கம். அப்புறம், நிற்பதற்கு 20 மீட்டர் முன்பே காலை எடுத்துவிடுங்கள், கியரையும் இறக்கிவிடுங்கள், கிளம்பும்போது கனமான கியரில் மாட்டிக்கொண்டால் வண்டி தள்ளாடும்.

மாறுவது என்று முடிவான பிறகு வருகிற கேள்விதான் இன்னும் முக்கியம்: க்ளீட்டை ஷூவில் பிடித்துவைப்பது இரண்டு போல்ட்டா, மூன்று போல்ட்டா? இங்கேதான் நிறையப் பேர் தவறான பக்கம் தள்ளிவிடப்படுகிறார்கள். ரோடு பைக் வைத்திருக்கிறேன் என்று சொன்ன ஒரே காரணத்துக்காக ஒரு கடையில் எனக்கும் முதலில் மூன்று போல்ட் ஷூவைத்தான் எடுத்து நீட்டினார்கள். மூன்று போல்ட் க்ளீட் பெரிய பிளாஸ்டிக் முக்கோணம், ஷூவின் அடியிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும். பாதத்தின் அழுத்தம் அகலமாகப் பரவும், நீண்ட தூரத்துக்கு நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு டீக்கடையின் ஈரமான டைல்ஸ் தரையில் நடந்து பாருங்கள், குதிகாலில் ஊன்றி வாத்து மாதிரி நடக்க வேண்டும். தார் ரோட்டில் நடந்தாலே க்ளீட் தேயும். பெடலுக்கும் ஒரு பக்கம்தான் பூட்டு, ஒவ்வொரு சிக்னலிலும் கால் நுனியால் அதைத் திருப்பித் தேட வேண்டும். இரண்டு போல்ட் என்பது ஜப்பானிய நிறுவனம் ஷிமானோ 1990இல் மலைப்பாதை சைக்கிள்களுக்காகக் கொண்டுவந்த எஸ்.பி.டி. சின்ன உலோக க்ளீட், ஷூ அடியில் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும், சாதாரணமாக நடக்கலாம். அவர்களுடைய எம்520 மாதிரியான பெடலில் இரண்டு பக்கமும் பூட்டு, குனிந்து பார்க்காமல் மிதித்தாலே 'டக்' என்று உட்கார்ந்துவிடும். ரோடு பைக்கில் எஸ்.பி.டி. போட்டால் பார்க்க நன்றாக இருக்காது என்று சிலர் சொல்கிறார்கள். புதியவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம்.

இந்த வித்தியாசம் ரொம்பத் தெரிவது மலையில். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, ஏழு எட்டு கி.மீ. வேகத்தில் திணறிக்கொண்டிருக்கையில் மேலிருந்து ஒரு பஸ் இறங்கும், நின்றே ஆக வேண்டும். நிற்பதுகூடப் பரவாயில்லை, திரும்பக் கிளம்புவதுதான் கஷ்டம். ஒரு காலைப் பூட்டி ஒரு மிதி மிதித்தால், அடுத்த மிதிக்குள் இன்னொரு காலும் பெடலில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏற்றத்தில் வண்டி நின்றுவிடும். ஃப்ளாட்டில் இது ஒரு விஷயமே இல்லை. எஸ்.பி.டி.யில் பூட்டு விழாவிட்டாலும் ரப்பர் அடியை வைத்து நாலு மிதி மிதித்துவிட்டு, வேகம் வந்தபின் பூட்டிக்கொள்ளலாம். மூன்று போல்ட் ஷூவின் வழவழப்பான அடி பெடலின் தவறான பக்கத்தில் பட்டால் சறுக்கிவிடும், பூட்டிய மற்ற காலோடு சாய வேண்டியதுதான்.

க்ளீட்டிலும் இரண்டு உண்டு, இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எம்520 பெட்டிக்குள் வருவது எஸ்.ஹெச்.51, கறுப்பு. குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டுமே விடும். எஸ்.ஹெச்.56 வெள்ளி நிறம், தனியாக வாங்க வேண்டும், பல திசைகளில் விடும், பதற்றத்தில் காலை வளைத்துப் பிடுங்கினாலும் பெரும்பாலும் கழன்றுவிடும். திருவான்மியூரில் என் ஷூவில் இருந்தது கறுப்பு. முழு வலுவோடு மேலே இழுத்தால் வெள்ளி க்ளீட் எதிர்பாராமல் கழலலாம் என்பது நிஜம்தான், ஆனால் முதல் வருடத்தில் நம்மில் யாரும் அப்படி ஸ்பிரிண்ட் அடிக்கப் போவதில்லை.

ஸ்பிரிங்கின் இறுக்கத்தை 3 மி.மீ. ஆலன் கீயால் தளர்த்தலாம். இரண்டு பக்கப் பூட்டு என்றால் ஒரு ஜோடிக்கு நான்கு திருகுகள், மேலே தெரிகிற இரண்டை மட்டும் தளர்த்திவிட்டு அடிப்பக்கத்தை மறந்துவிடுகிறவர்கள் அநேகம். அப்புறம் ஒரு பக்கம் லேசாகவும் இன்னொரு பக்கம் கெட்டியாகவும் விடும், பழகவே முடியாது. நான்கையும் முழுக்கத் தளர்த்தி, எண்ணிக்கொண்டு ஒரே அளவாக வையுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலுக்கு ஐம்பது தடவை பூட்டித் திறங்கள், பிறகு மைதானத்துப் புல்லில் நின்று நின்று கிளம்புங்கள், ஒரு வாரம் கழித்து ரோட்டுக்கு வாருங்கள். இதில் நான் அவசரப்பட்டேன்.

க்ளீட் போல்ட்டுகளை மாதம் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். இது விளையாட்டில்லை. ஒரு போல்ட் கழன்று மற்றது தளர்ந்திருந்தால், குதிகாலைத் திருப்பும்போது க்ளீட் பெடலிலேயே நின்றுகொள்ளும், ஷூ மட்டும் சுழலும், எவ்வளவு திருப்பினாலும் கால் வராது. சென்னைக் கடல் காற்றிலும் வியர்வையிலும் அந்த போல்ட்டுகள் சீக்கிரம் துருப்பிடிக்கும், மாட்டும்போதே மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள். பெடலை மாட்டும்போதும் கிரீஸ் வேண்டும், இடது பெடலின் மரை தலைகீழ் என்பதையும் மறக்காதீர்கள்.

முழங்கால் விஷயத்தில் ஃப்ளாட் மன்னிக்கும், க்ளிப்லெஸ் மன்னிக்காது. ஃப்ளாட்டில் வலித்தால் கால் தானாக இடம் மாறிக்கொள்ளும். க்ளீட்டைக் கோணலாக மாட்டிவிட்டால் அதே கோணத்தில் மணிக்கு ஐயாயிரம் தடவைக்கு மேல் மிதிப்பீர்கள். பெருவிரலுக்குப் பின்னால் புடைத்திருக்கிற முன்பந்துக்கு நேராகவோ கொஞ்சம் பின்னாலோ க்ளீட்டை வைத்து, உட்காரும்போது கால்கள் இயல்பாகத் தொங்குகிற கோணத்தைப் பின்பற்றுங்கள். புதிதாக வலி வந்தால் முதலில் க்ளீட்டைப் பாருங்கள்.

செலவைப் பற்றி ஒரு வரி: பெடல் விலையை மட்டும் கணக்குப் போடாதீர்கள், பல சமயம் ஷூ அதைவிட அதிகம்.

ஒரே சைக்கிளில் வாரநாளில் செருப்போடு பால் வாங்கப் போய், ஞாயிறு மகாபலிபுரம் போகிறவர்களுக்கு ஒரு பக்கம் ஃப்ளாட், மறுபக்கம் எஸ்.பி.டி. உள்ள ஈ.ஹெச்.500 மாதிரியான பெடல் இருக்கிறது. சிக்னலில் சரியான பக்கத்தைத் தேட வேண்டியிருக்கும், ஆனால் நெரிசலில் பூட்டாமலே ஓட்டலாம் என்பது பெரிய நிம்மதி. தினமும் நகருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு ஊசி வைத்த ஃப்ளாட்டே நான் சொல்வது. ஃப்ளாட்டில் ஆறு மாதமாவது ஓட்டி, கால் பெடலை விட்டு எழும்புவது தொந்தரவாகத் தோன்ற ஆரம்பித்தவருக்கு எஸ்.பி.டி., வெள்ளி க்ளீட்டோடு. மூன்று போல்ட் அதற்கும் பிறகு, அதுவும் நிற்காமல் மணிக்கணக்காக ஓட்டுகிறவர்களுக்கு.

என் ஆபீஸ் சைக்கிளில் இருப்பது நைலான் ஃப்ளாட். ஞாயிற்றுக்கிழமை வண்டியில் அதே எம்520 இன்னும் இருக்கிறது. விழுந்த வாரமே கறுப்பு க்ளீட்டைக் கழற்றி வெள்ளி மாட்டினேன், தேய்ந்ததும் திரும்பவும் வெள்ளியே வாங்கினேன். அந்தக் கறுப்பு ஜோடி டூல் பெட்டியில் கிடக்கிறது, திரும்ப மாட்ட வேண்டும் என்று இதுவரை தோன்றவில்லை.