ஃபோட்டோரெக்: பழுதான மெமரி கார்டிலிருந்து படங்களை மீட்டுத் தந்த மென்பொருள்

கடந்த ஆவணியில் எங்கள் குலதெய்வக் கோவிலில் நடந்த அண்ணன் மகளின் காதணி விழாவை நான்தான் படமெடுத்தேன். பந்தி முடிந்து உறவினர்கள் வேன் ஏறிய பிறகு கேமராவை இயக்கினால், கார்டை அணுக முடியவில்லை, மாற்றவும் அல்லது ஃபார்மட் செய்யவும் என்ற அறிவிப்பு மட்டுமே திரையில் நின்றது. அந்த 32 ஜிபி எஸ்டி கார்டில் 438 படங்களும் 6 வீடியோக்களும் இருந்தன. மொட்டையடித்துச் சந்தனம் பூசி, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்திய நிகழ்ச்சியை இன்னொரு முறை நடத்த வழியில்லை.

மறுநாள் நான் சென்ற கணினிக் கடையில், முதலில் கார்டை ஃபார்மட் செய்துவிட்டுப் பிறகு படங்களை எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள். விரைவு ஃபார்மட் என்றால் பெரும்பாலும் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை மட்டுமே புதிதாக எழுதப்படும். ஆனால் விஸ்டா முதற்கொண்டு வந்த விண்டோஸ் பதிப்புகளில் முழு ஃபார்மட் கொடுத்தால் கார்டு முழுவதும் பூஜ்யங்களால் நிரப்பப்பட்டு, மீட்பதற்கு எதுவுமே மிஞ்சாது. இந்த வேறுபாட்டைக் கேட்டபோது தெளிவான பதில் வராததால், கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து, அதில் புதிதாக எதுவும் எழுதப்படாதபடி பக்கவாட்டிலுள்ள பூட்டைத் தள்ளிவிட்டு, வீட்டிலேயே முயல்வதென்று முடிவு செய்தேன்.

நான் பயன்படுத்தியது ஃபோட்டோரெக் 7.2. பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இந்த மென்பொருள், டெஸ்ட்டிஸ்க் என்ற இன்னொரு கருவியோடு ஒரே தொகுப்பாகக் கிடைக்கிறது. மூலநிரல் திறந்தது, முற்றிலும் இலவசம், நிறுவ வேண்டியதுகூட இல்லை. இதற்கு முன் முயன்ற கட்டண மென்பொருள் ஒன்று, படங்களையெல்லாம் வரிசையாகக் காட்டிவிட்டு, சேமிக்கும் பொத்தானை அழுத்தியதும் பணம் கேட்டது.

கார்டின் கோப்பு அட்டவணையை ஃபோட்டோரெக் நம்புவதில்லை என்பதே அதன் பலம். ஒவ்வொரு படமும் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு அந்த அட்டவணையில்தான் இருக்கும். அது சிதைந்தால், படங்கள் அப்படியே இருந்தாலும் கேமராவுக்கு அவை கண்ணில் படாது. ஃபோட்டோரெக்கோ செக்டார் எனப்படும் சிறுசிறு சேமிப்புக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போய், ஜேபெக் படக் கோப்பு எதுவானாலும் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற பைட்டுகளில்தான் தொடங்கும் என்பது போன்ற அடையாளங்களைக் கொண்டு, படத்தின் தலையைக் கண்டுபிடித்து அங்கிருந்து அள்ளி எடுக்கிறது.

அதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையை யாரும் விட்டுவிடக் கூடாது. பழுதான கார்டை மீண்டும் மீண்டும் படிப்பது அதன் ஆயுளோடு விளையாடுவது என்பதால், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியைக் கொண்டு கார்டு முழுவதையும் ஒரே இமேஜ் கோப்பாக வன்தட்டில் நகலெடுத்தேன். படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வருவது அதன் முறை. ஒன்றரை மணி நேரம் ஆனது. கேமராவைக் கேபிளால் இணைத்தால் இது நடக்காது. பெரும்பாலான கேமராக்கள் கணினியில் ஒரு டிரைவாகத் தெரிவதில்லை என்பதால் கார்டு ரீடர் கட்டாயம் வேண்டும்.

ஃபோட்டோரெக்கின் முகப்பைப் பார்த்துப் பலர் மிரண்டுவிடுவார்கள் என்பது உண்மைதான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள், மவுஸ் கிடையாது, அம்புக்குறி விசைகள் மட்டுமே. காலியிடத்தை மட்டும் தேடுவதா, முழுவதையும் தேடுவதா என்று அது கேட்கும் இடத்தில், அட்டவணை கெட்டுப்போயிருந்தால் முழுவதையும் என்றே கொடுக்க வேண்டும். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்கவே கூடாது. இவ்வளவும் கொடுத்த பிறகு, ஆறு கோடிக்கும் மேற்பட்ட செக்டார்களில் எத்தனையாவதைப் படிக்கிறது என்ற எண் ஓட, அதன் கீழே ஜேபெக் 1, ஜேபெக் 14, ஜேபெக் 60 என்று கணக்கு ஏறுவதை நானும் அண்ணியும் மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

438 படங்களில் 421 முழுமையாகக் கிடைத்தன. சென்ற ஆண்டுப் பொங்கலுக்கு எடுத்து, கேமராவிலேயே ஃபார்மட் செய்து அழித்துவிட்டதாக நினைத்திருந்த படங்களும் கூடவே வந்தன. பழைய கார்டை யாருக்காவது கொடுப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். கோப்புகளின் பழைய பெயர்கள் எதுவும் மிஞ்சவில்லை, செக்டார் எண்களே பெயராகிவிட்டன. நல்லவேளையாக எடுத்த தேதியும் நேரமும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிவாகியிருந்ததால், அந்தப் பதிவுகளைப் படிக்கும் எக்ஸிஃப்டூல் என்ற கருவியைக் கொண்டு அவற்றை நேர வரிசைப்படி பெயர் மாற்றிக்கொள்ள முடிந்தது.

வீடியோக்களில்தான் இந்த மென்பொருள் என்னை ஏமாற்றியது. 6 வீடியோக்களில் 2 மட்டுமே ஓடின. விழாவின்போது, சரியாக வராத படங்களை இடையிடையே அழித்து இடம் பண்ணிக்கொண்டே எடுத்தேன். அப்படி எடுக்கும்போது நீளமான கோப்பு ஒன்று கார்டின் பல இடங்களில் துண்டு துண்டாகப் பதிவாகும். அட்டவணை இல்லாமல் அந்தத் துண்டுகளைக் கோக்க ஃபோட்டோரெக்கால் பெரும்பாலும் இயலாது. வீடியோவையே நம்பித் தொழில் செய்பவர்களுக்கு இதை மட்டும் பரிந்துரைக்க மாட்டேன். ரீடரில் போட்டும் கார்டு கணினிக்குத் தெரியவே இல்லை என்றால், எந்த மென்பொருளும் பயன்படாது. சிப்பிலிருந்து நேரடியாகத் தரவைப் படிக்கும் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். படங்களைப் பொறுத்தவரை, இதைத் தாண்டிக் காசு செலவழிக்கத் தேவையில்லை என்பது என் முடிவு.

மீதி 17 படங்களில் ஒன்று, ஆசாரி ஊசியைக் காதில் வைத்த அந்தக் கணம். முழுப்படம் போய்விட்டது. ஆனால் கேமரா ஒவ்வொரு படத்தோடும் சேர்த்து எழுதும் சிறுபடத்தை ஃபோட்டோரெக் தனியே எடுத்து வைத்திருந்தது: 160க்கு 120 பிக்சல், அச்சிட்டால் கட்டைவிரல் நகத்தளவு. மாமனின் வேட்டி மேல் குழந்தையின் மொட்டைத் தலையும், திறந்த வாயும் அதில் தெரிகின்றன. அண்ணி அதையும் ஆல்பத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறார்.